கலவையும் கண்டுபிடிப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகள் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் பெயர் பெற்றவை. ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் ஆறென்று ஒன்றில்லை. கிணற்று நீரும் பல இடங்களில் உவர்ப்பானது. சோளகம் வீசும் மாதங்களில் தோல் வறண்டுபோகும்; உவர்நீரில் முழுகினால் தலைமயிர் சிக்குப்படும். இத்தகைய நிலத்திற் பல தலைமுறைகளாக வாழ்ந்த மக்கள், தம் மேனியையும் கூந்தலையும் பேணுவதற்கு வளவிலும் வேலியோரத்திலும் கிடைத்த பொருள்களையே நாடினர். நல்லெண்ணெய் தேய்த்து முழுகுதல், தேசிக்காய்ச் சாற்றாலும் அரப்பாலும் சீயாக்காயாலும் எண்ணெய் போக்குதல், பயற்றம் மாவைக் குழைத்து உடம்பிற் பூசுதல், கற்றாழைச் சோற்றைத் தலையில் வைத்துக் குளிர்வித்தல், கையாந்தகரையும் செவ்வரத்தம் பூவும் வெந்தயமும் இட்டுத் தேங்காயெண்ணெய் காய்ச்சுதல், அம்மை கண்டு தேறியவரை வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரில் முழுகவார்த்தல் என்பன தீவகத்து இல்லங்களிலும் வடபகுதி எங்கணும் அறியப்பட்ட வழக்கங்கள்.

இன்று இதே பொருள்கள் உலகச் சந்தையில் அழகிய போத்தல்களில் அடைபட்டு விற்பனையாகின்றன. கற்றாழை கலந்த கிறீம், வேம்பு கலந்த சவர்க்காரம், மஞ்சள் கலந்த முகப்பூச்சு ஆகியவை இல்லாத கடையே இல்லை எனலாம். இந்நிலையில் ஒரு வினா எழுகின்றது. ஒருவர் கற்றாழைச் சோற்றையும் வேப்பெண்ணெயையும் மஞ்சளையும் ஒருங்குசேர்த்து மேனிப்பூச்சு ஒன்றைச் செய்கின்றார் என்று கொள்வோம். 'இக்கலவை என் கண்டுபிடிப்பு. என் அனுமதியின்றி வேறெவரும் இதனைச் செய்தலும் விற்றலும் ஆகா' என்று அவர் ஆக்கவுரிமை கோரினால், அக்கோரிக்கை நிற்குமா? 'இது யாருக்குந் தோன்றக்கூடிய சேர்மானந்தானே!' என்று ஊரார் சொல்லுவர். சொல்லுதல் எளிது, சட்டத்தின் முன் அதனை நிறுவுவது எவ்வாறு? இவ்வினாவுக்கான விடையிலேயே தீவகத்துச் சிறு உற்பத்தியாளரின் நலன் பெரிதும் தங்கியிருக்கின்றது.

ஆக்கவுரிமை என்பது அரசுக்கும் கண்டுபிடித்தவருக்கும் இடையில் நிகழும் ஒரு கொடுக்கல் வாங்கல். தமிழகத்தில் இதனைக் காப்புரிமை என்பர். கண்டுபிடித்தவர் தம் கண்டுபிடிப்பை மறைக்காது முற்றாக எழுதி வெளியிடுகின்றார். அதற்குக் கைம்மாறாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு அதனைப் பயன்படுத்தும் தனியுரிமையை அரசு அவருக்கு வழங்குகின்றது. தவணை முடிந்ததும் அது பொதுமக்களின் உடைமையாகின்றது. இவ்வுரிமை வழங்கிய நாட்டின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். அமெரிக்காவிற் பெற்ற ஆக்கவுரிமை நெடுந்தீவில் ஒருவர் எண்ணெய் காய்ச்சுவதைத் தடுக்கமாட்டாது. ஆனால் அவர் அவ்வெண்ணெயை அந்நாட்டிலுள்ள உறவினருக்கும் கடைகளுக்கும் அனுப்பி விற்க முனைந்தால், அங்கே அது குறுக்கே நிற்கும். தீவகத்தவர் இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் ஐரோப்பிய நாடுகளிலும் வாழ்கின்றனர்; ஊர்ப் பொருளை விரும்பி வாங்குவோரும் அவர்களே. ஆதலின் இஃது ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று.

இலங்கையில் இவ்விடயத்தை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆளுகின்றது. அதற்குமுன் 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஒரு பொருள் ஆக்கவுரிமை பெறவேண்டுமாயின் அது மூன்று தேர்வுகளிற் தேறவேண்டும் என்பது உலகப் பொது விதி. முதலாவது, அது புதியதாக இருத்தல் வேண்டும். இரண்டாவது, அதில் புத்தாக்கப் படி ஒன்று இருத்தல் வேண்டும். அஃதாவது, அத்துறையில் இயல்பான தேர்ச்சியுடைய ஒருவருக்கு அது எளிதிற் புலப்படக் கூடியதாய் இருத்தல் ஆகாது. மூன்றாவது, தொழில்துறையிற் பயன்படக் கூடியதாக இருத்தல் வேண்டும்.

கலவைகளைப் பொறுத்தவரை முதலாவது தேர்விலும் மூன்றாவது தேர்விலும் பெரும்பாலும் சிக்கல் எழுவதில்லை. பூச்சு விற்பனைக்குரியதாகையால் தொழிற்பயன் உண்டு. புதுமையும் எளிதிற் கிட்டிவிடும். ஒரு பொருள் புதியதன்று எனக் காட்டவேண்டுமாயின், அதன் எல்லாக் கூறுகளும் முன்னரே ஓரிடத்தில் ஒருங்கே சொல்லப்பட்டிருக்க வேண்டும். கற்றாழை ஒரு நூலிலும் வேம்பு வேறொரு நூலிலும் மஞ்சள் மூன்றாவது நூலிலும் சொல்லப்பட்டிருந்தால் அது போதாது. மூன்றையும் இன்ன அளவிற் சேர்த்த கலவை எங்கும் எழுதப்படாதிருந்தால், அக்கலவை சட்டத்தின் கண்ணிற் புதியதே. ஆகவே போர்க்களம் இரண்டாவது தேர்வில் அமைகின்றது. 'புதியதாயிருக்கலாம்; ஆனால் எளிதிற் புலப்படுவதே' என்று காட்டுவதே எதிர்ப்பவரின் கடமை.

எளிதிற் புலப்படுவது யாருக்கு? மேதை ஒருவருக்கு எல்லாமே எளிதிற் புலப்படும். தொழிலறியாதவருக்கு எதுவுமே புலப்படாது. எனவே சட்டம் கற்பனை மாந்தர் ஒருவரைப் படைத்துக்கொண்டுள்ளது. அவர் அத்தொழிலில் நடுத்தரமான தேர்ச்சி உடையவர். அத்துறை பற்றி விண்ணப்ப நாளுக்கு முன் வெளியான யாவற்றையும் அறிந்தவர். வழக்கமான சோதனைகளைச் செய்ய வல்லவர். ஆயினும் புதிது புனையும் ஆற்றல் இல்லாதவர். மேனிப்பூச்சு வழக்கில் அவர் ஓர் ஒப்பனைப் பொருள் இரசாயனர் ஆவர். எண்ணெயும் நீரும் பிரியாதபடி இணைப்பது எப்படி, கெடாதபடி காப்பது எப்படி, எந்தச் செடிச்சாறு எதற்குப் பயன்படும் என்பனவெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் கண்ணால் நோக்கியே நீதிபதி முடிவு செய்யவேண்டும்.

தெரிந்த பொருள்களை ஒன்றுசேர்த்தல் கண்டுபிடிப்பாகுமா என்ற வினா பழமையானது. 1890இல் இங்கிலாந்தில் வில்லியம்ஸ் எதிர் நை என்ற வழக்கு எழுந்தது. இறைச்சியைக் கொத்தும் பொறி முன்னரே இருந்தது. கொத்திய இறைச்சியைக் குடலில் அடைக்கும் பொறியும் முன்னரே இருந்தது. இரண்டையும் ஒரே பொறியாக இணைத்தவர் ஆக்கவுரிமை பெற்றிருந்தார். கொத்தும் பகுதி கொத்துகின்றது, அடைக்கும் பகுதி அடைக்கின்றது, இரண்டும் அருகருகே இருப்பதன்றிப் புதிதாக எதுவும் நிகழவில்லை என்று கண்ட நீதிமன்றம் அதனைக் கண்டுபிடிப்பாக ஏற்கவில்லை. ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தின் வழிகாட்டி நூல் இன்றும் அதே பொறியையே உதாரணமாகக் காட்டுகின்றது. 1950இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கடையிற் பொருள்களை நகர்த்தும் மேசையொன்று பற்றிய வழக்கில் இதே கருத்தைக் கூறியது. இரண்டையும் இரண்டையும் கூட்டி நான்கு மட்டுமே வருமாயின் அது கண்டுபிடிப்பன்று என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பூச்சுக்கும் சவர்க்காரத்துக்கும் மிக அண்மித்த வழக்கு 1980இல் அமெரிக்காவில் முடிவாயிற்று. அது கெர்க்கோவன் வழக்கு எனப்படும். தூளாக்கிய சலவைப் பொருள்கள் இரண்டைக் கலந்து மூன்றாவதொன்றைச் செய்வது பற்றியது அது. ஒரே பயனுக்கு உதவுவன என்று தனித்தனியே அறியப்பட்ட இரு பொருள்களை, அதே பயனுக்காக ஒன்றுசேர்க்கும் எண்ணம் இயல்பாகவே தோன்றும் என நீதிமன்றம் கொண்டது. மேனிப்பூச்சு வழக்குகளில் இவ்விதி எதிர்ப்பவரின் முதற் படைக்கலம். தோலைக் குளிர்விக்கக் கற்றாழை உதவும் என்பது முன்னரே எழுதப்பட்டிருந்து, தோலைக் குளிர்விக்க இன்னொரு சாறும் உதவும் என்பதும் முன்னரே எழுதப்பட்டிருந்தால், தோலைக் குளிர்விக்க இரண்டையும் கலப்பது யாவர்க்கும் தோன்றக்கூடியதே. அவ்வாறன்று எனக் காட்டும் சுமை அதன்பின் உரிமை கோருபவர் தலையில் ஏறுகின்றது.

இந்தியச் சட்டம் இன்னும் ஒருபடி முன்செல்கின்றது. கூறுகளின் குணங்களைத் திரட்டி வைப்பதன்றி வேறெதுவும் தராத வெறுங் கலவை கண்டுபிடிப்பே அன்று என 1970ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தின் 3ஆம் பிரிவு கூறுகின்றது. மரபறிவாக உள்ளதும், மரபாக அறியப்பட்ட பொருள்களின் தெரிந்த குணங்களைத் திரட்டுவதும் ஆக்கவுரிமைக்கு உரியன அல்ல என்ற விதி 2002ஆம் ஆண்டின் திருத்தத்தால் அதே பிரிவிற் சேர்க்கப்பட்டது.

இனி, எதிர்ப்பவர் தம் வழக்கை எப்படிக் கட்டியெழுப்ப வேண்டும் என்பதைக் காணலாம். முதலாவதாக, கோரப்பட்ட கலவைக்கு மிக அண்மையான முன்னறிவு எது என்று தேடவேண்டும். கற்றாழையும் வேப்பெண்ணெயும் சேர்ந்த பூச்சு ஒன்று பழைய நூலில் இருந்தால் அதுவே தொடக்கம். இரண்டாவதாக, அதற்கும் கோரப்பட்ட கலவைக்கும் உள்ள வேறுபாட்டை வரையறுக்க வேண்டும். இங்கே வேறுபாடு மஞ்சள் மட்டுமே. மூன்றாவதாக, அந்த வேறுபாட்டால் விளைந்த பயன் யாது என்று கேட்கவேண்டும். நான்காவதாக, அந்தப் பயனை நாடிய தேர்ச்சியாளர் ஒருவர் மஞ்சளைச் சேர்க்கத் தலைப்படுவதற்கு முன்னறிவிலே காரணம் இருந்ததா, சேர்த்தாற் பயன் கிட்டும் என்று நியாயமாக எதிர்பார்த்திருப்பாரா என்று காட்டவேண்டும். 'சேர்த்திருக்க முடியும்' என்பது போதாது. 'சேர்த்திருப்பார்' என்று காட்டுதல் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்திலேதான் பல வழக்குகள் தோற்கின்றன.

காரணம் நூலிலேயே எழுத்துக்கெழுத்து இருக்கவேண்டும் என்பதில்லை. 2007இல் கே.எஸ்.ஆர். எதிர் டெலிபிளெக்ஸ் என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. சந்தையின் தேவை, தொழிலின் பொது அறிவு, தெரிந்த சில வழிகளை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும் இயல்பு ஆகியவையும் காரணமாகலாம். அவ்வழக்கு மோட்டார் வண்டியின் மிதி ஒன்றைப் பற்றியதாயினும், அதன் விதி பூச்சுக்கும் எண்ணெய்க்கும் சமமாகவே பொருந்தும்.

அளவு பற்றியும் ஒரு விதி உண்டு. 'மஞ்சளை எல்லோரும் சேர்க்கலாம். ஆனால் நூற்றுக்கு இரண்டு பங்கு முதல் மூன்று பங்கு வரை என்பதை நானே கண்டேன்' என்று விண்ணப்பகாரர் சொல்லக்கூடும். பொதுவான சேர்மானம் தெரிந்திருக்கையில், தக்க அளவை வழக்கமான சோதனைகளால் தேடிக்கொள்ளுதல் கண்டுபிடிப்பன்று என்று 1955இலேயே அமெரிக்க நீதிமன்றம் ஒன்று ஆலர் வழக்கில் தீர்த்தது. தைலம் காய்ச்சுபவர் பதம் பார்த்துச் சரக்கைக் கூட்டிக் குறைப்பதை எவரும் கண்டுபிடிப்பு என்று சொல்லுவதில்லை. ஆனால் அந்தக் குறித்த அளவில் மட்டும் எவரும் எதிர்பாராத விளைவு ஒன்று தோன்றுமாயின் நிலைமை மாறிவிடும்.

இங்கேதான் விண்ணப்பகாரரின் மறுமொழி தொடங்குகின்றது. அவருடைய மிகச் சிறந்த கேடயம் எதிர்பாராத விளைவே. இரண்டும் மூன்றும் சேர்ந்து ஐந்தாகாமல் ஒன்பதாகுமாயின், அங்கே கூட்டாற்றல் இருக்கின்றது. ஐரோப்பிய வழிகாட்டி நூல் இதற்கு ஒரு மருந்துக் கலவையை உதாரணமாகக் கூறுகின்றது: நோவு தணிக்கும் மருந்தொன்றுடன் மனத்தை அமைதிப்படுத்தும் மருந்தொன்றைச் சேர்த்தபோது, தன்னளவில் நோவைத் தணியாத பின்னைய மருந்து முன்னையதன் வலிமையை முன்கூட்டி அறிய முடியாதபடி பெருக்கிற்று. அது வெறுந் திரட்டு அன்று, கண்டுபிடிப்பு.

ஒப்பனைத் துறையிலே இதற்குத் தெளிவான உதாரணம் உண்டு. உயிர்ச்சத்து சியும் உயிர்ச்சத்து ஈயும் தோலை வெயிலின் தீங்கினின்று ஓரளவு காக்கும் என்பது தெரிந்ததே. ஆயினும் உயிர்ச்சத்து சி கரைசலில் விரைவிற் கெட்டுவிடும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நூற்றுக்கு 15 பங்கு உயிர்ச்சத்து சியும் 1 பங்கு உயிர்ச்சத்து ஈயும் உள்ள கரைசலில், தாவரங்களிற் காணப்படும் பெரூலிக் அமிலத்தை அரைப் பங்கு சேர்த்தனர். கரைசல் நிலைபெற்றது. அதுமட்டுமன்றி, வெயிலினின்று தோலைக் காக்கும் ஆற்றல் நான்கு மடங்கிலிருந்து ஏறக்குறைய எட்டு மடங்காக உயர்ந்தது என 2005இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இத்தகைய கலவைக்கு 2007இல் அமெரிக்காவில் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. மூன்று பொருள்களும் தெரிந்தவையே. விளைவின் அளவே வியப்பிற்குரியதாயிற்று.

ஆதலின் எதிர்பாராத விளைவு என்ற சொல்லைக் கேட்டதும் எதிர்ப்பவர் சோதனைக் குறிப்பேட்டைக் கேட்கவேண்டும். கற்றாழை மட்டும் இட்ட பூச்சு, வேப்பெண்ணெய் மட்டும் இட்ட பூச்சு, மஞ்சள் மட்டும் இட்ட பூச்சு, மூன்றும் இட்ட பூச்சு, எதுவுமே இடாத வெறும் பூச்சு ஆகிய ஐந்தும் ஒரே அளவில், ஒரே முறையில், ஒரே வகைத் தோலிற் சோதிக்கப்பட்டனவா? மிக அண்மையான பழைய கலவையோடு ஒப்பிடப்பட்டதா, அல்லது வெறும் பூச்சோடு மட்டும் ஒப்பிட்டு வெற்றி முழங்கப்பட்டதா? ஓர் அளவிற் கண்ட விளைவைக் கொண்டு எல்லா அளவுகளுக்கும் உரிமை கோரப்பட்டதா? பல கோரிக்கைகள் இக்கேள்விகளின் முன் உதிர்ந்துவிடும்.

மறுபக்கத்தையும் நேர்மையுடன் நோக்கவேண்டும். கலவைகள் எல்லாம் எளியன அல்ல. வேப்பெண்ணெயின் நெடியைப் பலர் தாங்கமாட்டார்கள். மஞ்சளின் நிறம் தோலிலும் துணியிலும் பற்றும். அதன் சத்தாகிய குர்க்குமின் ஒளி பட்டாற் சிதையும். நீரில் எளிதிற் கரையாது. இக்குறைகளுள் ஒன்றை எவரும் நினைத்திராத வழியில் தீர்த்தவர் உண்மையிலே கண்டுபிடித்தவர். ஒரு வழி பயன்படாது என்று பழைய நூல்கள் எச்சரித்திருக்க, அவ்வழியிலேயே சென்று வென்றவரும் அத்தகையவரே. விடையைக் கண்டபின் எல்லாக் கணக்கும் எளிதாகவே தோன்றும். பின்னோக்கிப் பார்க்கும் இக்கண்மயக்கத்துக்கு ஆளாகாமல், விண்ணப்ப நாளன்று நின்று முன்னோக்குதல் நீதிபதிக்கும் எதிர்ப்பவருக்கும் ஒருங்கே உரிய கடமை.

மரபறிவு இத்தேர்விற் பயன்பட்ட இரு பெரிய வழக்குகள் இந்தியாவைச் சார்ந்தவை. 1995 மார்ச்சில் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையம், புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றது. இந்தியாவின் விஞ்ஞானக் கைத்தொழில் ஆராய்ச்சிக் கழகம் 1996இல் மறுபரிசீலனை கோரியது. 'எங்கள் பாட்டிமார் அறிந்த வைத்தியம்' என்று முழங்கி அக்கழகம் நின்றுவிடவில்லை. 32 சான்றுகளை அடுக்கிக் கொடுத்தது. பழைய வைத்திய நூல்களோடு, இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 1953இல் வெளியான கட்டுரை ஒன்றும் அவற்றுள் அடங்கும். 1997 ஆகத்தில் அந்த உரிமைக் கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டன.

இரண்டாவது வழக்கு வேம்பைப் பற்றியது. வேப்பங்கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெயாற் பயிர்ப் பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, அமெரிக்க விவசாயத் திணைக்களமும் டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பனியும் 1994இல் ஐரோப்பிய ஆக்கவுரிமை பெற்றன. வந்தனா சிவா, ஐரோப்பியப் பாராளுமன்றத்துப் பசுமைக் கட்சியினர், இயற்கை வேளாண்மை இயக்கங்களின் சர்வதேசச் சம்மேளனம் ஆகியோர் 1995இல் அதனை எதிர்த்தனர். இத்தகைய எண்ணெயை முன்னரே இந்தியாவிற் செய்துவந்த உற்பத்தியாளர் ஒருவர் மியூனிக் நகருக்குச் சென்று நேரிற் சாட்சியம் அளித்தார். 2000 மே மாதத்தில் உரிமை நீக்கப்பட்டது. 2005 மார்ச் 8ஆம் நாள் மேன்முறையீடும் தள்ளப்பட்டது. அவ்வழக்கு முடியப் பத்தாண்டு சென்றது.

இவ்விரு வழக்குகளும் தனிப்பொருள் பற்றியவை. கலவை வழக்கில் எதிர்ப்பவரின் வேலை இரட்டிப்பாகும். ஒவ்வொரு பொருளின் பயனையும் காட்டவேண்டும். அவற்றைச் சேர்க்கும் காரணத்தையும் காட்டவேண்டும். அதுமட்டுமன்று, எந்தச் சான்று எந்த நாட்டில் ஏற்கப்படும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். முன்னைய அமெரிக்கச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் நிலவிய வழக்கம் அச்சிலோ ஆக்கவுரிமைப் பத்திரத்திலோ பதிவாகியிருந்தாலன்றி முன்னறிவாகக் கொள்ளப்படமாட்டாது. தீவொன்றில் நூறாண்டு நிகழ்ந்த பழக்கமும் அங்கே இல்லாததற்குச் சமமாகவே இருந்தது. 2013 மார்ச் 16ஆம் நாளுக்குப் பிந்திய விண்ணப்பங்களுக்கு இவ்வேறுபாடு நீங்கியது. இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டமோ உலகின் எப்பகுதியிலாயினும் எழுத்தாலோ வாய்மொழியாலோ பயன்பாட்டாலோ பொதுமக்களுக்கு வெளிப்பட்ட யாவற்றையும் முன்னறிவாகக் கொள்கின்றது. இந்தியச் சட்டம், இந்தியாவிலோ வேறெங்கேனுமோ உள்ள உள்ளூர்ச் சமூகத்தாரிடை வாய்மொழியாக நிலவும் அறிவையும் எதிர்ப்புக்கு ஏற்ற ஆதாரமாக ஏற்கின்றது. நயினாதீவில் வழங்கும் ஒரு வழக்கத்தைச் சான்றாகக் கொண்டு இந்தியாவில் ஒரு விண்ணப்பத்தை எதிர்க்க முடியும் என்பது இதன் பொருள்.

ஆனால் ஏற்கப்படும் என்பது வேறு, நிறுவப்படும் என்பது வேறு. வாய்மொழி அறிவை நாடுவோர், எப்போது, எங்கே, யாரிடை, எந்தச் சேர்மானம் வழங்கிற்று என்று காட்டவேண்டும். வழக்குக்குப் பின் நினைவுகூர்ந்து சொல்லும் கதையை நீதிமன்றம் ஐயத்துடனேயே நோக்கும். மேலும் ஒரு முரண்பாடு உண்டு. பரம்பரை வைத்தியர்கள் தம் தைல முறைகளை மகனுக்கோ மருமகனுக்கோ மட்டும் சொல்லி மறைத்துக் காப்பது வழக்கம். மறைத்துக் காத்தது பொதுமக்களுக்கு வெளிப்பட்டது ஆகாது. அதனால் அது முன்னறிவும் ஆகாது. அந்த முறையையே வேறொருவர் சுயமாகக் கண்டு விண்ணப்பித்தால், பரம்பரையின் பழமை அங்கே உதவ மாட்டாது. இரகசியம் காத்தவரைச் சில வேளை இரகசியமே கைவிட்டுவிடும்.

எழுதப்பட்டவற்றுக்கும் இடர்கள் நேர்ந்துள்ளன. யாழ்ப்பாண அரசர் காலத்து வைத்திய மரபு பரராசசேகரம், செகராசசேகரம் ஆகிய நூல்களில் நிலைத்துள்ளது. ஏழாலை ஐ. பொன்னையா பிள்ளை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பரராசசேகரத்தைப் பதிப்பித்து அச்சேற்றியதால், அதிலுள்ள தைலங்களுக்கும் பூச்சுகளுக்கும் மறுக்க முடியாத திகதி கிடைத்திருக்கின்றது. ஏட்டிலேயே தங்கியவற்றுக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு அரிய ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. 1990களின் போரிலே தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர்; வீட்டோடு வீட்டுப் பெட்டகத்து ஏடுகளையும் விட்டுச் சென்றவர் பலர். சாம்பலான ஏடு எந்த நீதிமன்றத்திலும் சாட்சி சொல்லாது.

மரபறிவுக்குத் தவறாக ஆக்கவுரிமை வழங்கப்படுவதைத் தடுக்கவே இந்தியா 2001இல் மரபறிவு எண்ணிம நூலகத்தைத் தொடங்கியது. ஆயுர்வேதம், யுனானி, சித்தம் முதலிய மரபுகளின் நூல்களிலுள்ள சேர்மானங்களை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய மொழிகளிற் பெயர்த்து, வெளிநாட்டு ஆக்கவுரிமைப் பரிசோதகர்கள் தேடக்கூடிய வகையில் அது அமைத்துள்ளது. 2009இல் ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்துடன் உடன்பாடு செய்துகொண்டது. இலங்கைத் தமிழ் எழுத்துகளைப் பொறுத்தவரை, 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் முயற்சி பழைய நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் பேணி எவரும் படிக்கும்படி வைத்துள்ளது. கோயில் மலர்களிலும் பாடசாலை மலர்களிலும் ஊர்ச் சஞ்சிகைகளிலும் வெளிவந்த ஒரு சிறு வைத்தியக் குறிப்புக்கூட, திகதியோடு அங்கே கிடந்தால், ஒரு நாள் பெருஞ் சான்றாகலாம்.

தீவகத்தில் எண்ணெயும் பூச்சும் செய்து வாழ முனைவோர் இதிலிருந்து இரு வழிகளைத் தெரிந்தெடுக்கலாம். முதியோர் சொல்லும் சேர்மானம் எவருக்கும் தனியுரிமை ஆகாதபடி பொதுவில் நிற்கவேண்டும் என்று விரும்பினால், அதனைத் தெளிவாக எழுதி வெளியிடுதல் வேண்டும். செடியின் ஊர்ப்பெயரோடு அதன் தாவரவியற் பெயரும், எடுத்த பகுதியும், அளவும், காய்ச்சிய முறையும், பூசிய நோக்கமும், சொன்னவர் வாழும் ஊரும், பதிந்த நாளும் அதில் இருத்தல் நன்று. 'இதனோடு இதுவும் சேர்ப்பதுண்டு. காரணம் இது' என்ற ஒரு வரி கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் பெறுமதி வாய்ந்தது. சேர்க்கும் காரணத்தை எழுதிவைத்தவரே எளிதிற் புலப்படுதலை நிறுவியவர் ஆவர்.

மாறாக, ஒருவர் உண்மையிலே எவரும் எதிர்பாராத விளைவைக் கண்டால், அவர் வெளியிடுமுன் நின்று சிந்திக்கவேண்டும். சந்தையிற் காட்டிய பொருளும் பத்திரிகையில் எழுதிய செய்முறையும் அவருடைய சொந்த விண்ணப்பத்துக்கே எதிராகத் திரும்பலாம். சில நாடுகள் இதற்குக் குறித்த கால அவகாசம் தருகின்றன. ஐரோப்பாவில் அச்சலுகை பெரும்பாலும் இல்லை. அத்தகையவர் முதலிற் சோதனைகளைத் திகதியிட்டு எழுதி, கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் ஆலோசனையை நாடுதல் தகும். கலவையில் அத்தகைய புதுமை எதுவும் இல்லையாயின் ஆக்கவுரிமைக்குப் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை. தரமும் ஊர்ப்பெயரின் நம்பிக்கையும் வணிகக் குறி ஒன்றால் காக்கப்படலாம். அதற்குக் கண்டுபிடிப்பு வேண்டுவதில்லை.

எளிதிற் புலப்படுதல் என்னும் தேர்வு மரபறிவுக்குப் பகையுமன்று, புதியவற்றைக் காண்போருக்குத் தடையுமன்று. ஊரார் கையில் ஏற்கெனவே உள்ளதை ஒருவர் எடுத்து வேலியடைத்துக்கொள்ளாதபடி அது காக்கின்றது. ஊராருக்கு இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு உரிய பயனையும் விட்டுவைக்கின்றது. ஆயினும் அத்தேர்வு தானே இயங்குவதில்லை. சான்று கொடுப்பவர் இருந்தாலன்றி அது ஊமையாகவே நிற்கும். மஞ்சள் வழக்கில் வென்றது மஞ்சளின் தொன்மை மட்டுமன்று. அத்தொன்மையை எழுதி, அச்சிட்டு, பேணி, உரிய நாளில் எடுத்து நீட்டிய கைகளுமாகும். தீவகத்தின் கற்றாழைக்கும் வேம்புக்கும் அத்தகைய கைகள் இன்று தேவை.